தேரை இழுப்பது யார்?

அவையோருக்கு வணக்கம்.

விசை, இயக்கம் பற்றி எளிமையாகப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பாடப்புத்தகத்தில் இந்தப் பாடம் வந்தால் ஒரு மேசை, அதன் மேல் ஒரு மரக்கட்டை, கட்டையிலிருந்து நாலு பக்கமும் அம்புக்குறி. அந்தப் படத்தைப் பார்த்து யாருக்கும் பௌதிகத்தில் ஆசை வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அதனால் கொஞ்சம் பெரிய கட்டையாக எடுத்துக்கொள்கிறேன்: திருவாரூர் ஆழித்தேர். அலங்காரம் முடிந்து நிற்கும்போது 96 அடி உயரம். எடை சுமார் 300 டன் என்பார்கள்.

இந்தத் தேரை இழுப்பது யார்? "ஆரூரா, தியாகேசா" என்று குரல் கொடுத்து வடம் பிடிக்கிற ஜனங்கள்தான் என்பீர்கள். தரை என்கிறேன் நான். வம்புக்குச் சொல்லவில்லை, காரணம் இருக்கிறது.

1687-இல் நியூட்டன் தன் மூன்றாம் விதியை எழுதியபோது, கயிற்றில் கட்டிய கல்லை இழுக்கும் குதிரையை உதாரணம் காட்டினார். குதிரை கல்லை எவ்வளவு இழுக்கிறதோ, அதே அளவு கல்லும் குதிரையைப் பின்னால் இழுக்கிறது. தேருக்கும் இதே கதைதான். நாம் வடத்தை முன்னால் இழுக்கிறோம், வடம் நம்மைப் பின்னால் இழுக்கிறது. இரண்டும் சமம். சமமென்றால் தேர் எப்படி நகரும்? ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பிள்ளையாவது இதைக் கேட்கும். கேட்கிற பிள்ளையை அதட்டி உட்காரவைக்கக் கூடாது, கேள்வி அவ்வளவு நல்ல கேள்வி.

விடை இதுதான். அந்த இரண்டு விசைகளும் ஒரே பொருள் மேல் விழவில்லை. ஒன்று தேர் மேல், இன்னொன்று நம் மேல். தேரைத் தனியாகப் பாருங்கள்: வடம் அதை முன்னால் இழுக்கிறது, சக்கரத்தடியில் உள்ள எதிர்ப்பு பின்னால் பிடிக்கிறது. இழுவை அதிகமானால் தேர் கிளம்பும். இப்போது நம்மைத் தனியாகப் பாருங்கள்: வடம் பின்னால் இழுக்கிறது, நாம் உள்ளங்காலால் தரையைப் பின்னால் தள்ளுகிறோம், தரை நம்மை முன்னால் தள்ளுகிறது. தேரும் வடமும் நாமும் சேர்ந்த கூட்டத்தை வெளியிலிருந்து முன்னால் தள்ளுவது தரை ஒன்றுதான். வழுக்குப் பாறை மேல் நின்று வடம் பிடித்தால், கையில் எவ்வளவு பலம் இருந்தாலும் நாம்தான் தேர்ப்பக்கம் சறுக்கிப் போவோம். பங்குனி, சித்திரை வெயிலில் காலில் சூடு தாங்காதே என்று வீட்டுவாசலில் நின்று தண்ணீர் ஊற்றுகிறார்களே, அது புண்ணியம்தான். ஆனால் தூசியும் தண்ணீரும் சேர்ந்த இடத்தில் கால்பிடி குறைந்து இழுவையும் குறையும்.

சரி, எத்தனை பேர் வேண்டும்? பௌதிக ஆசிரியர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், விசையை நியூட்டனில் சொல்லாமல் கிலோவிலும் டன்னிலும் சொல்கிறேன். உருளும் தேருக்கு அதன் எடையில் நூற்றில் இரண்டு பங்கு எதிர்ப்பு என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 6 டன் ஆகிறது. ஆளுக்கு 20 கிலோ இழுவை என்றால் 300 பேர் போதும். ஆனால் இது ஓடுகிற தேருக்கு. நின்ற தேரைக் கிளப்ப இன்னும் கூடுதலாக வேண்டும். நின்றிருக்கும் பரப்புகளைப் பிரித்து நகர்த்துவது கடினம், அதிக நேரம் நின்றால் பிடிப்பு இன்னும் கூடும் என்பதை 1780-களில் பிரான்சில் கூலும் என்ற விஞ்ஞானி சோதனை செய்து பார்த்தார். தேருக்கு இதோடு வேறொரு சங்கடமும் உண்டு, இத்தனை எடையில் சக்கரம் மண்ணில் கொஞ்சம் பதிந்திருக்கும். அந்தப் பள்ளத்திலிருந்து ஏறித்தான் வெளியே வர வேண்டும்.

இங்கேதான் அந்தக் கோஷத்துக்கு வேலை. ஆயிரம் பேர் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் ஒரு கணத்துக்கு 200 பேர் பலம்கூடத் தேறாது, தேர் அசையவே அசையாது. குரலுக்குக் குரல் சேர்ந்து இழுத்தால் அந்த ஒரு நொடியில் மொத்த இழுவையும் குவிகிறது. பின்னால் நெம்புகட்டை போடுகிறவர்களும் அதே குரலுக்குத்தான் காத்திருப்பார்கள். அசைந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

அசைந்த தேரை விட்டுவிட்டால் என்ன ஆகும்? தள்ளிக்கொண்டே இருந்தால்தான் பொருள் ஓடும் என்று அரிஸ்டாட்டில் நினைத்தார். கண்ணுக்குத் தெரிவதும் அதுதான், அவரைக் குறை சொல்ல மாட்டேன். எதிர்ப்பு இல்லையென்றால் ஓடுகிற பொருள் ஓடிக்கொண்டே இருக்கும் என்று சாய்தளத்தில் குண்டுகளை உருட்டிக் கண்டுபிடித்தவர் கலிலியோ. நம் தேர் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைப்போம், நிதானமாக நடக்கிறவர் வேகத்தில் பாதிகூட இல்லை. சமதரையில் எல்லோரும் வடத்தை விட்டால், அந்த 6 டன் எதிர்ப்பு தேரை ஏறக்குறைய இரண்டடியில் நிறுத்திவிடும்.

நம்ப முடிகிறதா? இன்னொன்று சொல்கிறேன். அந்த வேகத்தில் தேரிடம் உள்ள இயக்க ஆற்றல் சுமார் 37,500 ஜூல். ஓட்டுகிறவரோடு சேர்த்து 200 கிலோ உள்ள பைக் 70 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அதனிடமும் ஏறக்குறைய அவ்வளவே இருக்கும். எடை ஆற்றலை நேராகக் கூட்டுகிறது, வேகமோ தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு கூட்டுகிறது. நம் பிள்ளைகள் பைக்கில் பறப்பதைப் பார்க்கும்போது எனக்கு இந்த எண்தான் ஞாபகம் வரும். ஆனால் எடையை வேகத்தால் பெருக்கினால் வருவது உந்தம், அதில் தேர் பைக்கைவிட 38 மடங்கு பெரியது. அதாவது இரண்டையும் ஒரே விசையால் தடுத்தால் இரண்டும் ஒரே தூரத்தில் நிற்கும், தேர் நிற்க 38 மடங்கு நேரம் எடுக்கும்.

இரண்டடியில் தானாக நிற்கும் தேருக்கு முட்டுக்கட்டை எதற்கு? இறக்கத்துக்காக. நூறடிக்கு இரண்டடி இறங்கும் வீதியில் பூமியே தேரை 6 டன் விசையோடு முன்னால் இழுக்கிறது. எதிர்ப்பும் அதுவும் சரிக்குச் சரி, வடத்தை விட்டாலும் தேர் போய்க்கொண்டிருக்கும், கலிலியோ சொன்னபடியே. இறக்கம் மூன்றடி ஆனால் தேர் வேகமெடுக்கும். பத்தே நொடியில் வேகம் மூன்று மடங்கு, ஆற்றல் ஒன்பது மடங்கு.

முட்டுக்கட்டை ஆப்பு மாதிரி செதுக்கிய மரக்கட்டை. உருண்டு வரும் சக்கரத்தடியில் அதை வைக்கிறார்கள். நிற்க மறுத்தால் சக்கரம் கட்டை மேல் ஏற வேண்டும், ஏறினால் தேரே உயர வேண்டும். முன்சக்கரங்கள் தாங்குவது பாதி எடை என்றால், ஒரே ஒரு அங்குலம் ஏறுவதற்குள் 37,500 ஜூலும் தீர்ந்துபோகும். கையில் தூக்கும் ஒரு கட்டை 300 டன்னை நிறுத்துவதன் ரகசியம் இவ்வளவுதான். அதே தேர் இறக்கத்தில் மூன்று மடங்கு வேகத்தில் வந்தால் ஒரு அங்குலக் கணக்கு ஒன்பது அங்குலம் ஆகிவிடும், கட்டை சிதறும். அதனால்தான் அனுபவசாலிகள் வேகமெடுக்கும் வரை காத்திருக்க மாட்டார்கள், அடிக்கடி கட்டையைப் போட்டுத் தட்டிக்கொண்டே வருவார்கள். அந்த இடத்தில் நின்று வேலை செய்ய எனக்குத் துணிச்சல் கிடையாது.

திருச்சி பெல் நிறுவனம் ஆழித்தேருக்கு இரும்பு அச்சும் சக்கரமும் செய்து கொடுத்தது, கூடவே ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தியது. இரண்டும் சேர்ந்து வந்ததில் நியாயம் இருக்கிறது. எதிர்ப்பு குறைந்தால் இழுப்பது சுலபம், இன்னும் சிறிய இறக்கத்திலும் தேர் தானாக ஓடிவிடும் என்பது அதன் மறுபக்கம்.

திருப்பத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காருக்கு இருப்பது மாதிரி ஸ்டியரிங் தேருக்கு இல்லை. ஒரு பக்கச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டையைச் சாய்த்துப் போட்டால் அந்தப் பக்கம் தயங்கும், மறுபக்கம் முன்னேறும், தேர் மெல்ல முகம் திருப்பும். வீதி முனையில் முழுதாகத் திரும்ப அது போதாது. சக்கரத்தடியில் இரும்புத் தகடு போட்டு கிரீஸ் தடவி, தேரையே பக்கவாட்டில் சறுக்கவிடுகிறார்கள். சக்கரத்துக்குக் கிரீஸ் வேண்டும், அதே கிரீஸ் இழுக்கிறவர் காலில் பட்டுவிடக் கூடாது.

அப்புறம், பின்னால் புல்டோசர் வைத்துத் தள்ளுவதைப் பற்றி முன்வரிசையில் ஒருவர் முன்பே கேட்டார். எஞ்சின் எத்தனை குதிரைத்திறன் என்பது முதல் கேள்வி இல்லை ஐயா, அதன் எடை எவ்வளவு என்பதே முதல் கேள்வி. அதுவும் நம்மைப் போலத் தரையைப் பின்னால் தள்ளித்தான் தேரை முன்னால் தள்ள வேண்டும். எடை போதாவிட்டால், என்ன எஞ்சின் இருந்தாலும் நின்ற இடத்திலேயே தரையைச் சுரண்டிக்கொண்டிருக்கும். மற்ற கேள்விகளுக்கு வருவோம்.