பணம் எந்த மாதம் வருகிறது?

[காட்சி: சிறு பண்ணை ஒன்று, மேலிருந்து]

ஒரு சிறு விவசாயக் குடும்பத்திடம் எவ்வளவு வருமானம் என்று கேட்பதைவிட, எந்தெந்த மாதம் வருமானம் என்று கேட்டுப் பாருங்கள். ஒரே பயிரை நம்பிய வீட்டில் சட்டென்று பதில் வரும்: அறுவடை மாதம். மற்ற மாதங்கள் கடனில் ஓடும். அறுத்ததும் கடனை அடைக்க, எல்லோரும் விற்கும் நேரத்திலேயே, வந்த விலைக்கு விற்றாக வேண்டும். நல்ல மகசூல் எடுத்தும் பண்ணை நொடிந்துபோவது இப்படித்தான்.

[காட்சி: பன்னிரண்டு கட்டங்கள், ஒன்றில் மட்டும் நிறம்]

சரி, மீதிக் கட்டங்களை நிரப்புவோம். கீரை ஒரு மாதத்தில் கைக்கு வரும். கோழிக்குஞ்சு வளர்ந்து முட்டையிட ஏறக்குறைய 5 மாதம். அப்புறம் வாராவாரம் கொஞ்சம் காசு. கறவை மாடு இருந்தால் பால் காசு. ஆடு கிட்டத்தட்ட உண்டியல், அவசரத்துக்கு ஒன்றை விற்கலாம். வரப்போரப் பழமரம் சில வருடங்கள் எதுவும் தராது. அதனாலேயே அதை முதலில் நட வேண்டும்.

[காட்சி: தொழுவத்திலிருந்து வயலுக்குப் போகும் சாணம்]

வரவைவிட எனக்கு முக்கியமாகப் படுவது செலவு குறைவதுதான். சாணம் வயலுக்கு, அறுத்த பயிரின் தட்டை மாட்டுக்கு. பயறுச் செடியின் வேர் முடிச்சில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும். வாங்கும் உர மூட்டை குறையும்.

[காட்சி: கருகிய உருளைக்கிழங்குச் செடி]

1845-இல் அயர்லாந்தின் ஏழைக் குடும்பங்கள் பெரும்பாலும் ‘லம்பர்’ என்ற ஒரே உருளை ரகத்தை நம்பியிருந்தன. கிழங்கை வெட்டி நட்டே பெருக்கியதால் செடிகளெல்லாம் ஒரே அச்சு. ஆளுக்கொரு வயல், கருகல் நோய்க்கு எல்லாம் ஒரே வயல். அந்த நோய் வந்து கிழங்கெல்லாம் அழுகியது, பஞ்சம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். அரசின் மெத்தனத்துக்கும் அதில் பெரிய பங்கு உண்டு, அது தனிக் கதை.

உருளையோடு தக்காளியும் போட்டால் தப்பிக்கலாமா? இல்லை, இரண்டையும் தாக்குவது அதே கருகல் நோய். எண்ணிக்கையில் இரண்டு, ஆபத்தில் ஒன்று. ஒரே வியாபாரியை நம்பிய இரண்டு பயிர்களும் அப்படித்தான்.

[காட்சி: விடியற்காலை, விளக்கெரியும் தொழுவம்]

ஆசையில் ஆறு தொழிலை ஒரே வருடத்தில் தொடங்குகிறவர்களும் உண்டு. மாட்டுக்கு லீவு கிடையாது. களை எடுக்கும் வாரத்தில்தான் ஆடு குட்டி போடும். அதனால் ஒரு நேரத்தில் ஒன்றைச் சேருங்கள். சேர்க்கும் முன் வீட்டில் கேட்க வேண்டியது: நான் காய்ச்சலில் படுத்தால், அன்று பால் கறப்பது யார்?