பெற்றோரின் பராமரிப்பை எப்படி எடைபோடுகிறார்கள்?

[திரையில்: ஒரு வீட்டு வாசல். கையில் ஃபைலுடன் ஒரு பெண் காலிங் பெல்லை அழுத்துகிறார்.]

வணக்கம். ஒரு குழந்தை வீட்டில் பத்திரமாக இருக்கிறதா என்று யாருக்கோ சந்தேகம் வருகிறது. டீச்சராக இருக்கலாம், டாக்டராக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம். தகவல் குழந்தைப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போகிறது. அங்கிருந்து ஒரு சமூகப் பணியாளர் கிளம்பி வருகிறார். அவர் அந்த வீட்டுக்குள் எதைப் பார்க்கிறார்? எதை வைத்து முடிவுக்கு வருகிறார்?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர் பெற்றோருக்கு மார்க் போட வரவில்லை. அவர் விடை தேடும் கேள்விகள் மூன்று. இந்த வயதில் இந்தக் குழந்தைக்கு என்ன வேண்டும்? அது கிடைக்கிறதா? கிடைக்காவிட்டால், காலம் கடந்துபோவதற்குள் இவர்களால் மாற முடியுமா? குறையே இல்லாத அம்மா எந்தக் குழந்தைக்கும் தேவையில்லை, ஓரளவுக்கு நல்ல அம்மா போதும் என்று 1950-களிலேயே எழுதினார் டொனால்ட் வினிகாட் என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர். இந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றும் அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

[திரையில்: ஒரு முக்கோணம். ஒவ்வொரு பக்கமாக எழுத்து தோன்றுகிறது.]

2000-ல் இங்கிலாந்து அரசு வெளியிட்ட மதிப்பீட்டு வழிமுறை ஒரு முக்கோணமாக இருந்தது. ஒரு பக்கம் குழந்தையின் வளர்ச்சித் தேவைகள், இன்னொரு பக்கம் பெற்றோரின் திறன், மூன்றாவது பக்கம் குடும்பமும் சுற்றுச்சூழலும். பெற்றோரின் திறனுக்குள் அடிப்படைப் பராமரிப்பு, பாதுகாப்பு, அன்பு, அறிவுக்குத் தூண்டுதல், கட்டுப்பாடும் வழிகாட்டலும், நிலையான வாழ்க்கை என்று ஆறு விஷயங்கள் வரும். இந்த ஆறையும் மற்ற இரண்டு பக்கங்களோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

காகிதத்தில் இது எளிது. வீட்டுக்குள் போய்ப் பார்க்கும்போதுதான் சிரமம்.

[திரையில்: அம்மாவின் மடியில் கைக்குழந்தை. பால் பாட்டில்.]

இதைப் பாருங்கள். ஆறு மாதக் குழந்தை பால் குடித்துக்கொண்டே இருக்கிறது. நடுவில் முகத்தைத் திருப்புகிறது. அம்மா பாட்டிலை எடுத்துவிட்டு, குழந்தையின் முகத்தைப் பார்த்து, "போதுமாடா?" என்று கேட்கிறார். கொஞ்ச நேரம் காத்திருக்கிறார். குழந்தை திரும்பவும் வாயைத் திறக்கிறது. பாட்டில் திரும்ப வருகிறது. இதெல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். ஆனால் பணியாளரின் நோட்டில் இது எழுதப்படும். குழந்தை காட்டிய குறிப்பு அம்மாவின் கண்ணில் பட்டது, அதைச் சரியாகப் புரிந்துகொண்டார், உடனே அதற்கேற்ப நடந்தார்.

இன்னொரு வீடு. அங்கே குழந்தை முகத்தைத் திருப்பினாலும் பாட்டில் வாயோடு வந்துகொண்டே இருக்கிறது. அம்மாவின் கண் வேறெங்கோ இருக்கிறது. ஒரே ஒரு தடவை நடந்தால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. தூக்கமில்லாத எந்தத் தாய்க்கும் அப்படி நேரும். அதனால்தான் பணியாளர் வேறு வேறு நேரங்களில் வருகிறார். சில சமயம் சொல்லாமலும் வருவார். காலைப் பரபரப்பில் எப்படி, சாப்பாட்டு நேரத்தில் எப்படி, குழந்தை அடம்பிடித்து அழும்போது எப்படி என்று பார்க்கிறார். திரும்பத் திரும்ப வருவது எது என்பதுதான் கணக்கு.

ஓரளவு வளர்ந்த குழந்தையாக இருந்தால் அதனிடம் தனியாகப் பேசுவார். தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையை 1989-ன் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 12-வது பிரிவில், குழந்தைக்குத் தந்திருக்கிறது. அப்புறம் ஸ்கூல், மருத்துவமனைப் பதிவுகள், உறவினர்கள். தடுப்பூசி விட்டுப்போயிருக்கிறதா, ஸ்கூலுக்கு அடிக்கடி லீவா, காயத்துக்குச் சொன்ன காரணம் ஆளுக்கு ஆள் மாறுகிறதா என்றும் ஒப்பிடுவார்.

[திரையில்: சாமான்கள் குறைந்த, நெருக்கடியான ஒரு சின்ன அறை.]

இங்கே நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். வறுமையைப் பார்த்துவிட்டு, பெற்றோர் குழந்தையைக் கவனிக்காமல் புறக்கணிக்கிறார்கள் என்று எழுதிவிடுவது இந்த வேலையில் நடக்கக்கூடிய பெரிய அநியாயங்களில் ஒன்று. ஒரே அறையில் ஐந்து பேர், பழைய துணி, காலி அலமாரி. முதல்முறை பார்ப்பவர் மனம் பதறும். ஆனால் கேட்க வேண்டியது, கையில் இருப்பதை வைத்துப் பெற்றோர் என்ன செய்கிறார்கள் என்பது. இருக்கும் ஒரே போர்வை யார் மேல் இருக்கிறது? குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது யாரிடமாவது போய் நின்றார்களா? இல்லாதது பணம்தான் என்றால் உதவியை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். குழந்தையை வெளியே எடுப்பது அதற்குத் தீர்வே இல்லை. வசதியான வீட்டில், தனி அறையும் நிறைய பொம்மையும் இருந்தும், நாள் முழுக்க யாரும் பேசாமல் வளரும் குழந்தையும் உண்டு. அந்த வீட்டில் பணியாளரின் சந்தேகம் சீக்கிரமே தணிந்துபோகும். அதுவும் ஆபத்துதான்.

கருவிகளும் இருக்கின்றன. கேள்வித்தாள்கள், அளவுகோல்கள், வீடியோ எடுத்து நிதானமாகப் பார்க்கும் முறைகள். மேரி ஐன்ஸ்வொர்த் உருவாக்கிய ஒரு சோதனை மிகப் பிரபலம். ஒன்று, ஒன்றரை வயதுக் குழந்தையை அம்மாவிடமிருந்து சில நிமிடம் பிரித்து, அவர் திரும்பி வரும்போது குழந்தை எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பார்கள். பிள்ளைக்கும் தாய்க்கும் இடையிலான பிணைப்பைப் புரிந்துகொள்ள இந்த ஆய்வு பெரிதும் உதவியது. அதற்காக, அந்தச் சில நிமிடங்களை மட்டும் வைத்து ஒரு குடும்பத்தின் விதியைத் தீர்மானிக்க முடியாது. பிணைப்பு ஆய்வாளர்கள் 70 பேர் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட கட்டுரையே, நீதிமன்றங்களில் இந்த ஆய்வு தவறாகப் பயன்படுவதைப் பற்றி எச்சரித்தது.

[திரையில்: பழைய ஃபைல்களின் அடுக்கு.]

பிழை எங்கே வருகிறது? 1973 முதல் 1994 வரை பிரிட்டனில் வெளியான குழந்தை வதை விசாரணை அறிக்கைகளை ஐலீன் மன்ரோ என்ற பேராசிரியர் ஆராய்ந்தார். பணியாளர்கள் முதலில் எடுத்த முடிவை விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொண்டது அவற்றில் திரும்பத் திரும்பத் தெரிந்தது. நல்ல குடும்பம் என்று ஒருமுறை மனதில் பதிந்துவிட்டால், அடுத்து வரும் கெட்ட செய்தி கண்ணில் படுவதில்லை. தலைகீழாகவும் நடக்கும். அதனால் நல்ல மேலதிகாரி ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, "நீங்கள் நினைப்பது தவறாக இருந்தால், அதை எது காட்டிக்கொடுக்கும்?" என்று கேட்பார்.

இன்னொரு சிக்கல், எல்லாவற்றுக்கும் தலையாட்டும் பெற்றோர். "சரிங்க மேடம், செய்துவிடுகிறோம்" என்பார்கள். பணியாளர் வரும் நாளில் வீடு பளிச்சென்று இருக்கும். குழந்தையின் எடை மட்டும் ஏறாது. இங்கே பேச்சை விட்டுவிட்டு எடையைத்தான் பார்க்க வேண்டும்.

மாற முடியுமா என்பதையும் பேச்சில் கண்டுபிடிக்க முடியாது. இன்னின்னது மாற வேண்டும் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். அதற்கான உதவியைக் கொடுக்க வேண்டும். போதைப்பழக்கத்துக்குச் சிகிச்சை, மனச்சோர்வுக்கு மருத்துவர், வன்முறை செய்யும் கணவரிடமிருந்து பாதுகாப்பு, எது தேவையோ அது. குறித்த நாளில் திரும்பிப் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு ஆறு மாதம் சின்ன அவகாசம். ஒரு வயதுக் குழந்தைக்கு அது, அதுவரை வாழ்ந்த காலத்தில் பாதி.

[திரையில்: மேஜையின் இருபுறமும் பெற்றோரும் பணியாளரும். நடுவே ரிப்போர்ட்.]

உங்கள் வீட்டில் இப்படி ஒரு மதிப்பீடு நடந்தால், எதைப் பற்றிய கவலை என்று எழுத்தில் கேளுங்கள். என்ன மாறினால் கவலை தீரும் என்றும் கேளுங்கள். ரிப்போர்ட்டில் தவறு இருந்தால் அதே ஃபைலில் உங்கள் பதிலும் சேர வேண்டும் என்று வலியுறுத்துங்கள். அதே ஐ.நா. உடன்படிக்கையின் 9-வது பிரிவின்படி, பெற்றோர் விருப்பத்துக்கு மாறாகக் குழந்தையைப் பிரிக்கும் முடிவு நீதிமன்ற மறுஆய்வுக்கு உட்பட்டது. அந்த நடவடிக்கையில் கலந்துகொண்டு தங்கள் தரப்பைச் சொல்லப் பெற்றோருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது.