ஊரை மாற்றியவர்கள் யாருக்காக மாற்றினார்கள்?

நடுவர் அவர்களே, எதிரணியில் வாதங்களைத் திறம்பட வைத்துச் சென்ற அன்பர்களே, அவையில் நிறைந்திருக்கும் பெருமக்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

'வரலாற்றில் தலைநகரங்கள் இடம் மாறியது பெரிதும் மக்கள் நலம் கருதியா, ஆள்வோர் நலம் கருதியா?' என்பது இன்று இந்த மன்றத்தின் முன் உள்ள கேள்வி. ஆள்வோர் நலம் கருதியே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், நாட்டின் நடுவே தலைநகர் அமைந்தால் கடைக்கோடிக் குடிமகனுக்கும் அரசு கைக்கெட்டும் தொலைவுக்கு வந்துவிடும் என்றார். நெரிசல், புயல், வெள்ளம் ஆகியவற்றிலிருந்து நாட்டைக் காக்கவே அரசுகள் ஊரை மாற்றின என்று சொல்லி, டெல்லியையும் அபுஜாவையும் பெலிஸ் நாட்டையும் இந்தோனேசியாவையும் சான்றுக்கு அழைத்தார். அந்தச் சான்றுகளையே நானும் விசாரிக்க விரும்புகிறேன்.

அதற்கு முன் ஒன்று. தன் பாதுகாப்புக்காகத் தலைநகரை மாற்றுகிறேன் என்று எந்த அரசும் ஆணை பிறப்பிப்பதில்லை. ஆணையில் எழுதப்படும் காரணம் எப்போதும் பொதுநலமாகத்தான் இருக்கும். ஆகவே ஆணையை மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்ல இயலாது. இடம் மாறுவதற்குச் சற்று முன்பு பழைய தலைநகரில் என்ன நடந்தது, புதிய ஊருக்கு யார் போனார்கள், யார் பின்னால் விடப்பட்டார்கள் என்று விசாரித்தால்தான் உண்மை வெளிப்படும்.

டெல்லியிலிருந்து தொடங்குகிறேன். 1772 முதல் ஆங்கிலேய ஆட்சியின் இருப்பிடமாக இருந்த கல்கத்தா, 1905-இல் அப்போதைய வைசிராய் கர்சன் வங்காளத்தை இரண்டாகப் பிரித்ததும் கொந்தளித்தது. அயல்நாட்டுத் துணிகள் தெருவில் எரிந்தன. சுதேசி இயக்கம் பரவியது. தலைமறைவுக் குழுக்கள் வெடிகுண்டு செய்யத் தொடங்க, அரவிந்தர் உள்ளிட்டோர் மீது அலிப்பூரில் வழக்கு நடந்தது. இந்தச் சூழலில்தான், 1911 ஆகஸ்டு 25 அன்று, வைசிராய் ஹார்டிஞ்சின் அரசு தலைநகரை மாற்றும் திட்டத்தை லண்டனுக்கு எழுதி அனுப்பியது. எதிரணியினர் சொன்ன நடுநிலமும் ரயில் பாதைகளும் அந்த மடலில் இருக்கின்றன, நான் மறுக்கவில்லை. ஆனால் அதே மடலில், கல்கத்தாவின் பொதுமக்கள் கருத்து இந்தியாவின் பிற பகுதிகளின் கருத்தோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை என்றும், இந்திய அரசு அதன் செல்வாக்குக்கு மட்டுமே ஆட்பட்டிருப்பது விரும்பத்தக்கதன்று என்றும் பொருள்படும் வரிகளும் இருக்கின்றன. ஒரு நகரத்து மக்கள் தம் அரசைப் பற்றி வைத்திருக்கும் கருத்து காதில் விழாத இடத்துக்குப் போக வேண்டும் என்று, எழுத்திலேயே ஒப்புக்கொண்ட வாக்குமூலம் அல்லவா இது?

இந்த முடிவு, அந்த ஆண்டு டிசம்பர் 12 அன்று டெல்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தம் வாயால் அறிவிக்கும் வரை, மிகச் சிலரைத் தவிர வேறு எவருக்கும் தெரியாமல் காக்கப்பட்டது. மக்களுக்கு நன்மை செய்யப் போகிறவர்கள் அதை மக்களிடமே மறைப்பானேன்? பிரித்த வங்காளத்தை மீண்டும் சேர்ப்பதாக அறிவித்த அதே மேடையில், தலைநகர் என்ற தகுதியை அந்த வங்காளத்திடமிருந்து எடுத்தும் கொண்டார்கள். அவசரம் எவ்வளவு என்றால், மூன்று நாள் கழித்து, தர்பாருக்காக அமைத்திருந்த முகாம் பகுதியிலேயே மன்னரும் அரசியும் அடிக்கல் நாட்டிவிட்டார்கள். நகரம் எங்கே அமையும் என்பது அப்போது முடிவாகவே இல்லை. பிறகு வந்த வல்லுநர்கள் தெற்கே ராய்சினாக் குன்றைத் தேர்ந்தெடுத்ததால், அரசர் கையால் வைத்த கற்களைப் பெயர்த்தெடுத்து அங்கே கொண்டுபோக வேண்டியதாயிற்று. குன்றைச் சுற்றியிருந்த ராய்சினா, மால்ச்சா முதலிய சிற்றூர்களில் உழுதுகொண்டிருந்தவர்களின் நிலம், 1894-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி பறிபோயிற்று. மக்கள் நலம் என்று பேசுவோர் அந்த ஊர்க்காரர்களையும் மக்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கல்கத்தாவை விட்டு விலகினால் போதும் என்று எண்ணிய ஹார்டிஞ்சுக்கு அந்த நிம்மதியும் நீடிக்கவில்லை. 1912 டிசம்பர் 23 அன்று புதிய தலைநகருக்குள் யானைமேல் அமர்ந்து அவர் பவனி வந்தபோது, சாந்தினி சௌக்கில் அம்பாரியின்மீது குண்டு வீசப்பட்டது. பின்னால் குடை பிடித்திருந்த பணியாள் மாண்டார். வைசிராய் முதுகில் காயங்களோடு தப்பினார். திட்டம் தீட்டியவர் வங்காளத்தைச் சேர்ந்த ராஷ் பிஹாரி போஸ். கடைக்கோடிக் குடிமகனைப் பற்றி எதிரணித் தலைவர் உருகிப் பேசினாரே, அவருக்கு ஒரு செய்தி: சென்னையிலிருந்து பார்த்தால் கல்கத்தாவைவிட டெல்லி தொலைவு. நம்மைப் பொறுத்தவரை அரசு கிட்டே வரவில்லை, எட்டத்தான் போயிற்று.

வெள்ளையர் மட்டுமா இப்படி என்று கேட்கலாம். தௌலதாபாத்தை எடுத்துக்கொள்வோம். 1327-ஐ ஒட்டி முகம்மது பின் துக்ளக், தெற்கே புதிதாகப் பிடித்த நிலப்பரப்பைப் பிடியில் வைத்திருக்க, டெல்லியிலிருந்து தேவகிரிக்கு ஆட்சியைப் பெயர்த்து, அதற்குத் தௌலதாபாத் என்று பெயரிட்டார். மற்ற அரசர்கள் மக்களை விட்டுவிட்டுப் போனார்கள். இவரோ கூடவே வரச் சொன்னார். டெல்லியே காலியானது போல, பயணி இப்னு பதூதா எழுதிவைத்தார். பெயர்க்கப்பட்டவர்கள் பெரும்பாலும் பிரபுக்களும் அலுவலரும் கற்றோரும்தாம் என்று பிற்கால வரலாற்றாசிரியர்கள் திருத்துகிறார்கள். எப்படி வைத்துக்கொண்டாலும், வரமாட்டேன் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருந்ததில்லை. பத்தாண்டு முடியும் முன்பே திரும்பிப் போகவும் ஆணை வந்தது. எந்தத் தெற்கைக் காக்க அவ்வளவு பாடுபட்டாரோ, அந்தத் தெற்கில் மதுரையின் ஆளுநர் 1335 வாக்கில் தனி சுல்தானாகிவிட்டார். 1347-இல் தௌலதாபாத்திலேயே பாமினி அரசு முளைத்தது.

நம் சோழரையும் எதிரணியினர் விட்டுவைக்கவில்லை. தஞ்சை இருக்க, கங்கைகொண்ட சோழபுரத்தை எழுப்பி அருகே பேரேரி வெட்டினாரே முதலாம் இராசேந்திரர், அது உழவருக்காக இல்லையா என்றார்கள். ஏரி நீர் வயலுக்குப் பாய்ந்தது உண்மை. அதற்காக அவரை வணங்குகிறேன். ஆனால் அரசவையே பொறித்த திருவாலங்காட்டுச் செப்பேடு அந்த ஏரியை எப்படிப் பாடுகிறது? கங்கை நீரால் ஆன வெற்றித் தூண் என்று! படை வடக்கே சென்று வென்றதற்கு நினைவுச் சின்னமாகவே அது அரசர் மனத்தில் நின்றது.

பாரிஸ் கதை சுருக்கமானது. 1651 பிப்ரவரியில் ஓர் இரவு, சிறுவனாக இருந்த பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியை அவருடைய தாய் ஊரைவிட்டுக் கடத்திவிட்டாரோ என்று ஐயுற்ற பாரிஸ் மக்கள், அரண்மனைக்குள்ளேயே நுழைந்து படுக்கையில் பையன் இருக்கிறானா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பையன் உறங்குவதுபோல் கிடந்தான். வளர்ந்து ஆட்சியைத் தாமே நடத்தத் தொடங்கிய பின், 1682-இல், அரசவையை பாரிசுக்கு வெளியே உள்ள வெர்சாய்க்கு நகர்த்திக்கொண்டார். மக்களாட்சி என்று பெயர் வைத்துக்கொண்டால் மட்டும் நிலைமை மாறிவிடுமா? 1783-இல் பிலடெல்பியாவில் சம்பள பாக்கி கேட்டுப் போர்வீரர்கள் கட்டடத்தைச் சூழ்ந்துகொண்டதும், அமெரிக்கப் பேரவை பிரின்ஸ்டனுக்குப் போய்விட்டது. எந்த மாநிலத்தின் கைக்கும் எட்டாத தனி நிலத்தில் தலைநகர் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற அந்த நிகழ்ச்சியும் ஒரு காரணம். வாஷிங்டன் அப்படிப் பிறந்த ஊர்.

அபுஜாவுக்கு வருகிறேன். நைஜீரியாவின் பெரிய இனங்கள் எதற்கும் சொந்தமாகாத பொது நிலம் அது, பழைய தலைநகரான லாகோஸில் நெரிசல் தாளவில்லை என்றார் எதிரணித் தலைவர். 1976 பிப்ரவரி 3 அன்று அதற்கான ஆணை வந்தது. பத்து நாள் கழித்து, ஆட்சித் தலைவரான முர்தலா முகம்மது அலுவலகம் செல்லும் வழியில், அதே லாகோஸ் நெரிசலில் சிக்கி நின்ற காரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். பிறகு என்ன நடந்தது? கட்டுமானம் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அரசு லாகோஸை விட்டு அசையவில்லை. 1990 ஏப்ரலில் ஒரு பிரிவு இராணுவத்தினர் கலகம் செய்து, ஆட்சித் தலைவர் பாபங்கிடா இருந்த டோடன் பாசறையைத் தாக்கினார்கள். அவர் உயிர் தப்பினார். அடுத்த ஆண்டு டிசம்பர் 12 அன்று அரசு அபுஜாவில் இருந்தது. பதினான்கு ஆண்டு நெரிசல் செய்யாததை ஒரு துப்பாக்கிச் சூடு செய்து முடித்தது, நடுவர் அவர்களே.

மியன்மாரின் தளபதிகள் காரணம் சொல்லவும் பெரிதாக மெனக்கெடவில்லை. 2005 நவம்பர் 6 அதிகாலையில் பழைய தலைநகரான யாங்கோனிலிருந்து அரசு ஊழியர்களை ஏற்றிய வண்டிகள் வடக்கு நோக்கிப் புறப்பட்டன. இரண்டே ஆண்டில் புத்த பிக்குகள் யாங்கோன் தெருக்களில் ஊர்வலம் வந்தபோது, அந்த முழக்கம் சென்று சேர ஆட்சியாளர் எவரும் அந்த ஊரில் இல்லை. 300 கிலோமீட்டருக்கு அப்பால், இருபது தடச் சாலை இருந்தும் ஆளரவம் இல்லாத புதிய தலைநகர் நேப்பிடோவில் இருந்தார்கள்.

எதிரணிக்கு ஒரு வழக்கை விட்டுக்கொடுக்கிறேன். 1961-இல் ஹாட்டி சூறாவளி பெலிஸ் நகரைச் சிதைத்தது; அந்தச் சிறிய நாடு 1970-இல் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் உள்ளே பெல்மோபானை அமைத்தது. அதில் கபடம் எதையும் நான் காணவில்லை. ஆனாலும் பாருங்கள், அந்நாட்டின் பெரிய ஊர் இன்றும் கடற்கரையில் உள்ள பெலிஸ் நகர்தான். அடுத்த புயலையும் முதலில் தாங்கப் போகிறவர்கள் அங்கே குடியிருப்போர்தாம்.

கடைசியாக ஜகார்த்தா. எதிரணியின் வலுவான சான்று இதுவே. அதனால் இதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். நகரம் அமிழ்வது உண்மை. ஏன் அமிழ்கிறது? குழாய்நீர் போதிய அளவு வராததால் வீடுகளும் விடுதிகளும் ஆலைகளும் நிலத்தடி நீரை உறிஞ்சுகின்றன. நீர் போன இடம் வெறுமையாகி மண் அமுங்குகிறது. கட்டடங்களின் எடை அதை இன்னும் அழுத்துகிறது. நோய் இது என்றால் மருந்தும் இங்கேதான் இருக்க வேண்டும். டோக்கியோவின் கிழக்குப் பகுதியும் இப்படி அமிழ்ந்த நிலம்தான். அங்கே நிலத்தடி நீர் எடுப்பதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தி, மாற்று நீர் கொடுத்து, 1970-களில் அமிழ்வதைப் பெருமளவு தடுத்துவிட்டார்கள். தலைநகரை எங்கும் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. இந்தோனேசிய அரசோ 2019-இல் மாற்றத்தை அறிவித்து, 2022-இல் சட்டம் இயற்றி, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் போர்னியோக் காட்டோரம் நுசந்தாராவைக் கட்டுகிறது. அங்கே போக இருப்பவர்கள் அமைச்சர்களும் அலுவலர்களும். ஜகார்த்தாவில் வாழும் ஒரு கோடிப் பேருக்கு அங்கே இடம் ஒதுக்கவில்லை. கடல் மட்டத்துக்குக் கீழே போய்விட்ட வடக்கு ஜகார்த்தாவின் மீனவக் குடியிருப்புகளில், சுவருக்கு அந்தப் பக்கம் கடலும் இந்தப் பக்கம் அடுப்படியுமாக மக்கள் வாழ்கிறார்கள். அபாயம் என்று அறிந்து அரசு முதலில் தன்னைத்தான் அகற்றிக்கொள்கிறது.

எனக்குப் பின் பேசவிருக்கும் எதிரணி அன்பர், நெரிசல் என்றும் நடுநிலம் என்றும் மீண்டும் தொடங்குவதற்கு முன், வடக்கு ஜகார்த்தாவின் அந்த மீனவர்களுக்கு நுசந்தாராவால் விளையும் நன்மை என்ன என்பதை மட்டும் இந்த மன்றத்தில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.