பொதுப் பணம், தனியார் பெட்டி: ஓஹியோவின் ஓபியாய்டு இழப்பீடு யார் கையில்?

வணக்கம். மக்களின் சாவுக்கு ஈடாக அரசாங்கம் வழக்காடிப் பெற்ற கோடிக்கணக்கான டாலர்களை வைத்திருக்கும் ஓர் அமைப்பு, "நாங்கள் தனியார், எங்கள் ஆவணங்களைக் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை" என்று அந்த மக்களிடமே சொன்னால் எப்படி இருக்கும்? அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் இது உண்மையிலேயே நடந்தது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓபியாய்டு எனப்படும், அபின் வகையைச் சேர்ந்த, எளிதில் அடிமையாக்கும் வலி மாத்திரைகள் அளவின்றிப் புழங்கியதற்காக மாநிலங்களும் உள்ளாட்சி அமைப்புகளும் தொடுத்த வழக்குகளில், மெக்கெசன், கார்டினல் ஹெல்த், அமெரிசோர்ஸ்பெர்கன் ஆகிய 3 விநியோக நிறுவனங்களும் ஜான்சன் அண்ட் ஜான்சனும் சேர்ந்து 2,600 கோடி டாலர் வரை தருவதாக 2021 ஜூலையில் உடன்பாடு அறிவிக்கப்பட்டது. விநியோக நிறுவனங்களிடமிருந்து மட்டும் ஓஹியோவுக்கு வர வேண்டியது சுமார் 80 கோடி டாலர். அதுவும் 18 ஆண்டுகளில், தவணை தவணையாக.

பங்கீடு எளிமையானது: நூற்றுக்கு 30 பங்கு உள்ளாட்சி அமைப்புகளுக்கு, 15 பங்கு மாநில அரசுக்கு, மீதி 55 பங்கு 'ஒன்ஓஹியோ ரெக்கவரி ஃபவுண்டேஷன்' என்னும் இலாப நோக்கற்ற அறக்கட்டளைக்கு. பெரும்பங்கை ஏன் அரசுக் கருவூலத்துக்கு வெளியே வைத்தார்கள்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இங்கே கொஞ்சம் நின்று பேசுவோம்.

1998-இல் சிகரெட் நிறுவனங்களோடு 46 மாநிலங்கள் செய்துகொண்ட உடன்படிக்கையால் ஓஹியோவுக்கும் பணம் வந்தது. அதில் ஒரு பகுதியைக் கொண்டு, புகைப்பழக்கத்தைத் தடுப்பதற்கென்றே ஓர் அமைப்பை அரசு உருவாக்கியது. 2008-இல் பொருளாதாரம் தள்ளாடியபோது, சட்டமன்றத்தின் கண் அந்த அமைப்பிடம் சேர்ந்திருந்த தொகையின் மேல் விழுந்தது. அமைப்பையே கலைத்துவிட்டு, சுமார் 23 கோடி டாலரை வேறு செலவுகளுக்குத் திருப்பினார்கள். வழக்கு நடந்தது, 2010-இல் மாநில உச்ச நீதிமன்றமும் அரசின் பக்கமே நின்றது. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்து ஒருமுறை பட்டவர்கள், அடுத்தமுறை பாலைப் பூனைக்கு எட்டாத உறியில் கட்டுவது நியாயம்தானே? அந்த உறிதான் இந்த அறக்கட்டளை. 88 மாவட்டங்களை 19 மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்துக்கு ஒருவர் வீதம் 19 பேரும், ஆளுநர், மாநில அட்டர்னி ஜெனரல், சட்டமன்றத் தலைவர்கள் ஆகியோர் நியமிப்பவர்களுமாக 29 பேர் கொண்ட குழு அதை நடத்துகிறது.

ஆனால் உறி உயரத்தில் தொங்கினால், அதில் எவ்வளவு பால் இருக்கிறது என்று வீட்டுக்காரருக்கும் தெரியாது. போதைப் பழக்கத்தால் நேரும் தீங்கைக் குறைக்க உழைக்கும் 'ஹார்ம் ரிடக்ஷன் ஓஹியோ' என்ற அமைப்பு, பொது அலுவலகங்களின் ஆவணங்களைப் பார்க்க மக்களுக்கு உரிமை தரும் பொது ஆவணச் சட்டத்தின்படி, அறக்கட்டளையின் ஆவணங்களைக் கேட்டது. நாங்கள் பொது அலுவலகம் அல்ல என்று அறக்கட்டளை மறுத்தது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

ஒரு தனியார் அமைப்பு உண்மையில் அரசின் வேலையைத்தான் செய்கிறதா என்று கண்டறிய அந்த நீதிமன்றம் கேட்கும் கேள்விகள் அழகானவை. அது செய்வது அரசாங்கப் பணியா? பணம் எங்கிருந்து வருகிறது? அரசின் தலையீடு எவ்வளவு? அதைத் தோற்றுவித்தது யார், ஒருவேளை ஆவணச் சட்டத்துக்குத் தப்புவதற்காகவே தோற்றுவித்தார்களா? அரசு வழக்காடி ஈட்டிய பணத்தை, அரசு வகுத்த பங்கீட்டின்படி பகிர்ந்து கொடுக்கும் ஓர் அமைப்பு இந்தக் கேள்விகளுக்கு முன்னால் தனியாராக நிற்க முடியாது. பொது ஆவணச் சட்டம் அறக்கட்டளைக்கும் பொருந்தும் என்று 2023 மே மாதத்தில் தீர்ப்பு வந்தது.

கொண்டாட வேண்டாம். இரண்டே மாதத்தில், ஜூலையில், மாநில பட்ஜெட் சட்டத்துக்குள் ஒரு பிரிவு நுழைந்தது. அறக்கட்டளையைப் பொது ஆவணச் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கி, அதற்கென்று தனி விதிகளை வகுத்தது. பல்லாயிரம் வரிகள் கொண்ட பட்ஜெட்டுக்குள் இதைச் செருகியவரின் சாமர்த்தியத்தை நான் வியக்கிறேன், செயலை வியக்கவில்லை. சட்டமன்றத்தின் கை பணத்தில் படக்கூடாது என்பதற்காக எழுப்பப்பட்ட சுவர், பொதுமக்கள் அதை எட்டிப் பார்ப்பதையும் தடுத்துவிட்டது. அந்தத் தடையை உறுதிப்படுத்தியதும் அதே சட்டமன்றம்தான்.

நீங்கள் அந்த 29 பேரில் ஒருவராக இருந்தால், எந்த ஆவணத்தை முதலில் வெளியிடுவீர்கள்? மானியம் கேட்டு வந்த விண்ணப்பங்களையா, நிராகரித்ததற்கான காரணங்களையா? கருத்துப் பகுதியில் எழுதுங்கள். நான் இரண்டாவதைத்தான் கேட்பேன்.