போகிறவர்தான் வாங்கி வருகிறார்

நடுவர் அவர்களே, எதிரணியின் அன்பர்களே, இவ்வளவு நேரமும் பொறுமையாக உட்கார்ந்திருக்கும் அவையோரே, வணக்கம்.

கிறிஸ்தவச் சபைக் குழுக்கள் சில நாள் போய்வருகிற குறுகிய கால வெளிநாட்டு ஊழியப் பயணத்தால் பெரிதும் பயன்பெறுகிறவர் போகிறவரா, அங்கே இருக்கிறவரா? இருக்கிறவரே என்று எதிரணித் தலைவர் முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார். போகிறவரே என்பது எங்கள் கட்சி.

அவர் மூன்று முறை போய்வந்தவர். நான் ஒரே முறை, பத்தே நாள் போனவன். அந்தப் பத்து நாளில் ஒரு பிரசங்கமும் செய்தேன். நான் மூச்சுவிடாமல் ஐந்து வாக்கியம் பேசினால், மொழிபெயர்த்த சகோதரர் இரண்டு சொல்லில் முடித்துவிடுவார். நான் ஒரு ‘ஆமென்’ சொன்னால் அவர் ஐந்து நிமிடம் பேசுவார். சபை விழுந்து விழுந்து சிரித்தது. நானோ நகைச்சுவை எதுவும் சொல்லவில்லை! என் பிரசங்கத்தை ஓரமாக வைத்துவிட்டு, அந்தச் சபைக்கு வேண்டியதை அவரே பேசிக்கொண்டிருந்தார் என்பது மேடையைவிட்டு இறங்கிய பிறகுதான் புரிந்தது. அன்று சபைக்கு நல்ல செய்தி கிடைத்தது, மறுக்கவில்லை. அதைக் கொடுத்தது நான் இல்லை, அவ்வளவுதான்.

மறுநாள் விடுமுறை வேதாகமப் பள்ளி. நோவாவின் பேழைக் கதையைப் பட அட்டைகளோடு ஆரம்பித்தேன். மழை நிற்பதற்குள்ளேயே முன்வரிசைச் சிறுமி ஒருத்தி என்னை முந்திக்கொண்டு புறாவைப் பறக்கவிட்டுவிட்டாள். அந்த விடுமுறையில் அவளுக்கு அது மூன்றாவது பேழை. எங்களுக்கு முன்பு வந்த இரண்டு குழுக்களும் அதே கதையைத்தான் தூக்கிக்கொண்டு வந்திருந்தன. என் பேழையில் ஒட்டகச்சிவிங்கி இல்லை என்று குறை வேறு. கிளம்புகிற நாளில் நாங்கள் பன்னிரண்டு பேரும் தேம்பித் தேம்பி அழுதோம். அவள் அழவில்லை. அடுத்த குழு என்றைக்கு வரும் என்று கேட்டாள்.

எதிரணித் தலைவர் வேதத்தைத் திறந்து லூக்கா பத்தாம் அதிகாரத்தைக் காட்டினார். ஆண்டவர் எழுபது பேரை இரண்டிரண்டு பேராக அனுப்பினார், அதுதான் முதல் குறுகிய கால ஊழியம் என்றார். நல்ல இடத்தைத்தான் தொட்டார். ஆனால் முதல் வசனத்தோடு புத்தகத்தை மூடிவிட்டார். நாலாம் வசனம் என்ன சொல்கிறது? பணப்பை வேண்டாம், சாமான்பை வேண்டாம், பாதரட்சையும் வேண்டாம். அதற்கடுத்த வசனங்களில், போகிற வீட்டிலேயே தங்குங்கள், முன்னால் வைப்பதைச் சாப்பிடுங்கள். விமான நிலையத்தில் நம் பெட்டிகளை எடைபோட்டவர்களிடம் இந்த வசனத்தைச் சொல்லிப் பாருங்கள்!

நோயாளிகளைச் சொஸ்தமாக்கினார்களே என்று எதிரணியில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. ஆமாம், அதற்கும் கட்டளை பெற்றுத்தான் போனார்கள். திரும்பி வந்து எதைச் சொன்னார்கள்? பிசாசுகளும் எங்களுக்குக் கீழ்ப்படிகின்றன என்று சந்தோஷப்பட்டார்கள். அந்தச் சந்தோஷத்தை ஆண்டவர் அந்த இடத்திலேயே திருத்தினார். எதற்காகச் சந்தோஷப்பட வேண்டும் என்ற பாடம் போய்வந்தவர்களுக்கு நடந்தது. இன்னொன்று: எழுபது பேர் போனது, அவர் தாமே வரப்போகிற ஊர்களுக்கு. அவர்களுக்குப் பின்னால் ஆண்டவர் வருவதாக இருந்தது. எங்களுக்குப் பின்னால் வருவதாக இருந்தது நாலாவது பேழை.

அடுத்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரை எதிரணி தன் சாட்சியாக நிறுத்தியது. நடுவர் அவர்களே, அவர் எங்கள் சாட்சி. 1890களின் தொடக்கத்தில் அந்த அமெரிக்க இளம்பெண் திண்டிவனத்துக்கு வந்தது மிஷனரியாவதற்கு அல்ல. நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ள வந்தார், கொஞ்ச நாளில் திரும்பிவிடும் எண்ணத்தோடு. ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று வீட்டிலும் பிரசவ வேதனை. ஐடாவின் தகப்பனார் மருத்துவர், ஆனால் ஆண் என்பதால் அவரை உள்ளே விட அந்தக் கணவர்கள் இசையவில்லை. மகளை அழைத்தார்கள். மகளுக்கு மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

அந்தப் பயணத்தால் அந்த மூன்று பெண்களுக்கு என்ன பயன்? ஒன்றும் இல்லை. சொல்லக் கடினமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். பெற்றுக்கொண்டவர் ஐடா ஒருவர்தான். அவர் பெற்றது ஓர் அழைப்பு. திரும்பிப்போய்ப் படித்து, 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் வாங்கி, 1900இல் மறுபடி வந்தார். அதன்பின் 1960இல் இறக்கும்வரை அவருடைய வாழ்க்கை இந்த மண்ணோடுதான். வேலூர் மருத்துவமனையால் கோடிக்கணக்கானோருக்குப் பயன் என்று எதிரணித் தலைவர் சொன்னதில் ஓர் எழுத்தையும் நான் மாற்ற மாட்டேன். ஆனால் அந்தப் பயன் வந்தது தங்கிவிட்ட அறுபது ஆண்டுகளிலிருந்து. அதைக் குறுகிய கால ஊழியத்தின் கணக்கில் எழுதுவது, விதை வாங்கப் போன நடையை அறுவடை என்று சொல்வதைப் போன்றது.

ஒரு விஷயத்தில் நான் தோற்கிறேன், மறைக்கவில்லை. 1978இல் தொடங்கிய மெர்சி ஷிப்ஸ் மருத்துவக் கப்பல்களைப் பற்றிச் சொன்னார்கள். கண் அறுவைச் சிகிச்சை நிபுணர் ஒருவர் இரண்டே வாரம் போனாலும், புரை நீங்கிய கண்ணுக்குப் பயன் பயன்தான். அங்கே நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனால் அந்தக் கப்பல் ஒரு துறைமுகத்தில் ஏறத்தாழ பத்து மாதம் நிற்கிறது. மருத்துவர் மாறினாலும் கட்டு அவிழ்க்க ஆள் இருக்கிறது. நாங்கள் பன்னிரண்டு பேரில் கத்தி பிடிக்கத் தெரிந்தவர் எவரும் இல்லை. கிட்டார் பிடிக்கத் தெரிந்தவர்கள் நாலு பேர்.

வீடு கட்டிக் கொடுக்கிறோமே என்றார்கள். 1998இல் மிட்ச் புயல் ஹோண்டுராஸைச் சூறையாடியது. பிறகு வட அமெரிக்காவிலிருந்து ஊழியக் குழுக்கள் போய் வீடு கட்டின. அந்த நாட்டிலேயே குடியிருந்த சமூகவியல் பேராசிரியர் கர்ட் வெர் பீக் கணக்குப் பார்த்தார். பயணச் செலவும் சேர்த்து ஒரு வீட்டுக்குக் குழுக்கள் திரட்டியது சுமார் 30,000 டாலர். உள்ளூர்க் கிறிஸ்தவ அமைப்பு ஒரு வீட்டைக் கட்டி முடித்தது சுமார் 2,000 டாலரில். விமானம் ஏறாமல் பணத்தை மட்டும் அனுப்பியிருந்தால் எத்தனை குடும்பத்துக்குக் கூரை கிடைத்திருக்கும் என்பதை எதிரணியே வகுத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

வெர் பீக்கின் அதே ஆய்வை எதிரணி என்மேலேயே திருப்பலாம். போய்வந்தவர்களின் வாழ்க்கையிலும் நிலையான மாற்றம் அதிகம் இல்லை என்றுதானே அவர் கண்டார், போகிறவருக்கு மட்டும் என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கையில் கொடுத்ததை வழியில் தவறவிட்டு வந்தால், வாங்கவே இல்லை என்று ஆகிவிடுமா? நாங்கள் அதைத் தவறவிட்டோம். கொடுக்கப் போனோம் என்றே நினைத்துக்கொண்டிருந்ததால், கையில் இருந்ததைக் கவனிக்கவில்லை.

அந்த நினைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2010 ஜனவரியில் ஹெய்ட்டியில் பூகம்பம். அடுத்த சில வாரத்துக்குள், சபைக் குழுவாகப் போன அமெரிக்கர் பத்துப் பேர் 33 பிள்ளைகளை உரிய ஆவணம் இல்லாமல் டொமினிக்கன் குடியரசுக்குள் கூட்டிப்போக முயன்று எல்லையில் பிடிபட்டார்கள். அநாதைகளை மீட்கிறோம் என்றார்கள். விசாரித்தால், பிள்ளைகள் பலருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். கடத்தல் குற்றச்சாட்டு பிறகு கைவிடப்பட்டது. அவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. எல்லாப் பயனும் அங்கே இருக்கிறவர்களுக்குத்தான் என்று எதிரணி பேசும்போது எனக்குச் சற்றுப் பயமாக இருப்பது இதனால்தான். கற்றுக்கொள்ளப் போனவர் அந்தப் பிள்ளையிடம், உன் அம்மா எங்கே என்று முதலில் கேட்டிருப்பார்.

நடுவர் மணியைத் தொடுகிறார். எனக்கு அடுத்து எதிரணியிலிருந்து வரும் சகோதரியிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் தலைவரின் மூன்று பயணங்களிலும் மொழிபெயர்த்தவர்களின் பெயர்களை அவரிடம் கேட்டு வந்து இந்த மேடையில் சொல்லுங்கள். நானும் நேற்றிரவு என் பயண அறிக்கையைத் தேடி எடுத்துப் படித்தேன். எங்கள் பன்னிரண்டு பேரின் பெயரும் இருக்கிறது, ஒரு பக்கம் முழுக்க என் பிரசங்கமும் இருக்கிறது. எனக்கு மொழிபெயர்த்தவரை ‘உள்ளூர்ச் சகோதரர் ஒருவர்’ என்று எழுதியிருக்கிறேன்.