முதல் டூயல் பேண்ட் செட்: வாட்டைக் கடைசியில் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். அமெச்சூர் வானொலித் தேர்வில் தேறி, உரிமமும் கைக்கு வந்த புதியவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருவார்கள்: "சார், எந்த செட் வாங்கலாம்? எத்தனை வாட்?" முதல் பாதி நல்ல கேள்வி. இரண்டாம் பாதியைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள். இன்று நான் சொல்ல வந்தது அதைத்தான்.

இந்தப் பொழுதுபோக்குக்குப் புதியவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். உங்கள் வீட்டு எஃப்.எம். பெட்டி பெரும்பாலும் 108 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அதற்குச் சற்று மேலே, 144இல் தொடங்குவதை 2 மீட்டர் பேண்ட் என்போம். அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கில், 430ஐத் தாண்டி இருப்பது 70 சென்டிமீட்டர் பேண்ட். இந்த இரண்டிலும் பேசக்கூடிய, காரில் பொருத்தும் அளவிலான செட்தான் டூயல் பேண்ட் மொபைல். வீட்டு மேஜையில் வைத்துப் பேசுகிறவர்களும் நிறைய உண்டு.

கையடக்க செட் பொதுவாக 5 வாட். மொபைல் செட் 50 வாட். பத்து மடங்கு என்றதும் குரலும் பத்து மடங்கு தூரம் போகும் என்று தோன்றும். அப்படி இல்லை. பத்து மடங்கு சக்தி என்பது 10 டெசிபெல். எதிர்முனையில் இருப்பவருடைய செட்டில், வந்து சேரும் அலையின் வலுவைக் காட்டும் எஸ் மீட்டரில், ஒரு புள்ளிக்கு 6 டெசிபெல் என்பது கணக்கு. அப்படியானால் முழு இரண்டு புள்ளிகூட ஏறாது. இந்த அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் போகிறவை. குறுக்கே குன்று நின்றால் வாட்டைக் கூட்டிப் பெரிய பயன் இல்லை. ஆன்டெனாவை உயர்த்தினால் பயன் உண்டு. மறுபடியும் சொல்கிறேன்: உயரம் தருவதை வாட் தராது.

கேபிளையும் பாருங்கள். செட்டிலிருந்து ஆன்டெனாவுக்கு ஆர்.ஜி.58 என்ற மெல்லிய கோ-ஆக்ஸ் கேபிளைப் பத்து மீட்டர் இழுத்தால், 70 சென்டிமீட்டர் பேண்டில் சக்தியில் பாதிக்கும் மேல் வழியிலேயே சூடாகித் தீர்ந்துவிடும். 50 வாட் புறப்பட்டால் 25கூடப் போய்ச் சேராது. கேட்கும்போதும் இதே இழப்புதான். ஏற்கெனவே மெலிந்து வருகிற குரல் இன்னும் மெலிந்துபோகும். அதனால் கையிலுள்ள பணம் முழுவதையும் செட்டிலேயே போட்டுவிடாதீர்கள். ஆன்டெனாவுக்கும் நல்ல கேபிளுக்கும் முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் செட்டைத் தேடுங்கள். ஆன்டெனா என்றதும் மிரளவும் வேண்டாம். 2 மீட்டருக்குக் கால் அலை நீளக் கம்பி சுமார் அரை மீட்டர்தான். அதே கம்பி 70 சென்டிமீட்டருக்கு முக்கால் அலையாக அமைந்து அங்கேயும் வேலை செய்துவிடும். ஒரே கம்பி இரண்டு பேண்டுக்கும் பொருந்திப்போவதை எண்ணி எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

இங்கே ஒரு நண்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உரிமம் வாங்கிய புதிதில் 50 வாட் செட் ஒன்றைக் காரில் பொருத்திக்கொண்டு ரிப்பீட்டரில், அதாவது உயரமான இடத்தில் இருந்து நம் குரலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையத்தின் வழியாக, என்னை அழைத்தார். குரல் வரும், அறுந்துபோகும். மறுபடி வரும், மறுபடி அறுந்துபோகும். சற்று நேரத்தில் தொலைபேசியில் கூப்பிட்டார். "சார், செட் கெட்டுப்போச்சு. மைக்கை அமுக்கினாலே டிஸ்பிளே அணைஞ்சு அணைஞ்சு எரியுது. திருப்பிக் கொடுத்துடப் போறேன்." கேட்கும்போது எப்படி இருக்கிறது என்றேன். "கேக்கறதெல்லாம் நல்லாத்தான் கேக்குது." சரி, சக்தியை 5 வாட்டுக்கு இறக்கிப் பேசுங்கள் என்றேன். இறக்கினார். ரிப்பீட்டரில் அவர் குரல் ஒரு பிசிறு இல்லாமல் வந்தது. "இப்ப மட்டும் எப்படி சார்?" என்றார். மின்சாரத்தை எங்கிருந்து எடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "சிகரெட் லைட்டர் சாக்கெட்லேர்ந்து."

செட்டில் ஒரு பழுதும் இல்லை. கேட்கும்போது அதற்கு அரை ஆம்பியரோ என்னவோ போதும். 50 வாட்டில் பேசும்போது பத்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சாக்கெட்டுக்குப் போகிற மெல்லிய ஒயரில் 0.2 ஓம் தடை இருந்தாலே இரண்டு வோல்ட் வழியில் போய்விடும். 13.8 வோல்ட்டுக்காகச் செய்த செட் அதைத் தாங்காமல் அணைகிறது. அணைந்ததும் இழுப்பு நின்று வோல்ட் ஏற, மறுபடி எரிகிறது. செட்டோடு வந்த தடித்த ஒயரை, ஃபியூஸோடு, நேராக பேட்டரிக்கே இழுத்ததும் சரியாகிவிட்டது. வீட்டில் வைப்பவர்கள் 20 ஆம்பியர் தரும் பவர் சப்ளை வைத்துக்கொண்டால் கவலை இல்லை. இன்னொன்றையும் கவனித்தீர்களா? 5 வாட்டிலேயே அவர் ரிப்பீட்டரைத் தெளிவாக எட்டிவிட்டார்.

இனி செட்டுக்கு வருவோம். நான் முதலில் பார்ப்பது அதன் காதைத்தான். டூயல் பேண்ட் என்று எழுதியிருக்கும் எல்லா செட்டும் இரண்டு பேண்டையும் ஒரே நேரத்தில் கேட்காது. சிலவற்றில் உள்ளே இரண்டு ரிசீவர் இருக்கும். ரிப்பீட்டர் ஒருபுறமும் நண்பர்கள் மறுபுறமும் ஒன்றாகவே கேட்கும். மற்றவற்றில் ஒரே ரிசீவர்தான், இங்கும் அங்கும் மாறி மாறி எட்டிப் பார்க்கும். ஒரு பக்கம் பேச்சு ஓடும்போது மறுபக்கத்து அழைப்பு தவறிப்போகும். வாங்கும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்து, ஒலியளவுக்குத் திருகும் குமிழ் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். வண்டி ஓட்டும்போது மெனுவுக்குள் போய்த் தேடுவது ஆபத்து. முகப்பைத் தனியே கழற்றி வைக்கக்கூடிய செட்டானால் உடலை இருக்கைக்கு அடியில் வைத்துவிடலாம், காற்றோட்டம் இருந்தால். 50 வாட்டில் நீளமாகப் பேசினால் நன்றாகவே சூடாகும்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். டிஜிட்டலைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். டி-ஸ்டார், டி.எம்.ஆர்., சிஸ்டம் ஃப்யூஷன் என்ற மூன்று டிஜிட்டல் முறைகளும் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசாது. உங்களைச் சுற்றி இருப்பவர்கள் எதில் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். தெரியாதவரை சாதாரண எஃப்.எம். போதும், அது எல்லோருக்கும் பொது. கணினியிலிருந்து அலைவரிசைகளை ஏற்றும் கேபிளையும் செட்டோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். புது செட்டில் ரிப்பீட்டர் நன்றாகக் கேட்டும் உங்கள் அழைப்புக்குத் திறக்கவில்லையானால், செட்டைச் சந்தேகிக்கும் முன் டோனும் (ரிப்பீட்டரைத் திறக்கக் குரலோடு சேர்த்து அனுப்பும் மெல்லிய ஒலி) ஷிஃப்ட்டும் (ரிப்பீட்டர் கேட்கும் அலைவரிசைக்கும் பேசும் அலைவரிசைக்கும் உள்ள இடைவெளி) சரியாக வைத்திருக்கிறதா என்று பாருங்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நன்றி, வணக்கம்.