3.14 போடாதீர்கள்! கால்குலேட்டர் ஒளித்து வைத்திருக்கும் π

(திரையில்: டிஐ-84 பிளஸ் கால்குலேட்டர், கோணத்தை ரேடியன் அலகில் எடுக்கும் ரேடியன் மோட்)

சைன் 3.14 என்று அடித்து எண்டர் தட்டுங்கள். விடை 0.0015926529. ஏதோ ஒரு தசமம் போலத்தான் தெரியும். முன்னால் இருக்கும் சைபர்களை மறைத்துவிட்டுப் பாருங்கள்: 15926529. இப்போது π-இல் 3.14-க்கு அப்புறம் வரும் இலக்கங்கள்: 15926535. நாம் வெட்டி எறிந்த வாலைக் கிட்டத்தட்ட அப்படியே கால்குலேட்டரே தேடிக் கொண்டுவந்து தருகிறது!

காரணம் வரும், முதலில் பட்டன். இடது பக்கம் மேலே நீல நிற செகண்ட் பட்டன், பிறகு வலது ஓரத்தில் அடுக்குக்குறி (^). π வந்துவிடும். 2π-க்கு நடுவில் பெருக்கல் குறிகூட வேண்டாம். 2.718 என்று தொடங்கும் e மாறிலிக்கு செகண்ட், வகுத்தல். அவ்வளவுதான்.

π போட்டு எண்டர் தட்டினால் திரையில் 3.141592654 இருக்கும். π-இலிருந்து அதே எண்ணைக் கழித்துப் பாருங்கள், 0 வராது! காட்டுவது 10 இலக்கம், கணக்குப் போடுவது 3.1415926535898-ஐ வைத்து. அதனால்தான் கையால் அடிக்காதீர்கள் என்கிறேன்.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருவோம். சைன் வரைகோடு π-க்குப் பக்கத்தில் கிட்டத்தட்ட நேர்கோடாக, 45 டிகிரி சரிவில் இறங்கி அச்சை வெட்டுகிறது. (திரையில்: அந்த இடம் பெரிதாகிறது) 3.14-இல் கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, ஏறக்குறைய அவ்வளவு தூரத்தில்தான் π. அந்த உயரத்தைக் கூட்டினால் π-க்குப் பக்கத்தில் போய் நிற்போம்.

3.14-உம் தேவையில்லை, வெறும் 3 போதும். 3 அடித்து எண்டர். அடுத்து கூட்டல், சைன், செகண்ட், அடைப்புக்குள் மைனஸ் போட்ட பட்டன் (இது Ans, அதாவது முந்தைய விடை), அடைப்பை மூடி எண்டர். 3.141120008. இன்னொரு தடவை எண்டர் மட்டும் தட்டுங்கள். 3.141592654! இரண்டே தட்டு. இதைப் பார்த்துச் சிரிக்காதவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

வேறு ஏதாவது வந்தால் மோட் டிகிரியில் இருக்கிறது, ரேடியனுக்கு மாற்றுங்கள். கால்குலேட்டர் இல்லையென்றால் போனில் டெஸ்மாஸ் என்ற கால்குலேட்டர் ஆப் இருக்கிறது, இலவசம்தான்.

இப்போது உங்கள் வேலை. 3-க்குப் பதில் 7-இல் ஆரம்பித்து திரையில் உள்ள எண் மாறாமல் நிற்கும்வரை எண்டர் தட்டுங்கள். π வராது. வந்த எண்ணை π-ஆல் வகுத்து, விடையைக் கமெண்ட்டில் போடுங்கள்.